ஆர்க்ரைட்டும் ஆலை மண்ணும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் எங்கள் ஊர் நூற்பாலையின் புகைபோக்கியை இடித்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. என் தந்தையாரும் நானும் போயிருந்தோம். அந்த ஆலையில் ரிங் பிரேம் பகுதியில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். என் பாட்டி அதே ஆலையில் ரீலிங் பகுதியில் வேலை செய்து என் தந்தையை வளர்த்தவர். நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஆலை மூடப்பட்டது. எங்கள் வீட்டில் காலை, மதியம், இரவு என்று பொழுதைப் பிரித்துக் காட்டிய மில் சங்கு அன்றோடு நின்றது.

புகைபோக்கி விழுந்து புழுதி அடங்கிய பிறகு, இடிந்த சுற்றுச்சுவர் வழியாகத் தந்தையார் உள்ளே நடந்தார். நானும் பின்னாலேயே சென்றேன். கூரையில்லாத தரையில் நின்றுகொண்டு, தம் மிஷின் இருந்த இடத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். சிமெண்டுத் தரையில் போல்ட்டு இறக்கிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. வேலைக்கு வந்த தாய்மார் தம் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகும் அறை இருந்த மூலையையும் காட்டினார். அந்தத் தொட்டிலில் தாமும் கிடந்ததாகப் பாட்டி சொல்வாராம். அடுத்த பத்து நாட்களில் அந்தத் தரையும் பெயர்க்கப்பட்டு, லாரிகளில் ஏறிப் போய்விட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் விற்பனைக்கு என்ற பலகை நிற்கிறது.

வீடுகள் வருவதில் எனக்கு வருத்தமில்லை. நாங்களே வாடகைக்கு லைன் வீட்டில்தான் குடியிருக்கிறோம். ஒரு வீட்டின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் மூன்று தலைமுறை உழைத்த இடத்தை அழிப்பதற்கு முன் யாராவது ஒரு படமாவது வரைந்தார்களா, ஓர் அளவாவது எடுத்தார்களா என்ற கேள்வி என்னை விடவில்லை. இதை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் தொழிற்புரட்சி பற்றிய ஓர் ஆங்கில நூலின் பெயரைச் சொல்லி, நம் கல்லூரி நூலகத்தில் தேடிப் படிக்கும்படி பணித்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்த ஒரு பெயர், அந்நூலில் ஒரு முழு மனிதராக எழுந்து வந்தது. அவர்தான் சர் ரிச்சர்டு ஆர்க்ரைட். அவரது வரலாற்றையும், அவர் இறந்து 200 ஆண்டுகளுக்குப் பின்னும் அவரது ஆலை மண் சொல்லிக்கொண்டிருக்கும் வரலாற்றையும் என் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளி செல்லாத சிறுவன்

ஆர்க்ரைட் 1732ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பிரெஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை தையற்காரர். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. பள்ளிக்கு அனுப்பும் வசதி பெற்றோருக்கு இல்லை. எல்லென் என்ற உறவினர் பெண் ஒருவர் அவருக்கு எழுதப் படிக்கச் சிறிது கற்றுக்கொடுத்தார். அவர் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவே.

இளம் வயதிலேயே முடிதிருத்தும் தொழில் பழகினார். 1750ஆம் ஆண்டை ஒட்டிப் போல்டன் என்னும் ஊருக்கு வந்து அத்தொழிலையே செய்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் செல்வர்கள் பொய்முடி அணிவது வழக்கம். ஆர்க்ரைட் ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் கூந்தலை விலைக்கு வாங்கி, சாயமேற்றி, பொய்முடி செய்வோருக்கு விற்றார். சாயம் சேர்க்கும் முறை ஒன்றும் அவர் கைவசம் இருந்தது. 1755இல் திருமணம் செய்துகொண்டார். மகன் பிறந்த மறு ஆண்டே மனைவி இறந்துவிட்டார். 1761இல் மறுமணம் செய்தார். பொய்முடி வழக்கம் மெல்லக் குறைந்து வந்தபோது, அவரது கவனம் வேறு தொழிலின்மீது திரும்பியது.

அவர் சுற்றித் திரிந்த ஊர்களிலெல்லாம் நெசவாளர் வீடுகள் இருந்தன. அவ்வீடுகளில் ஒரே குறைதான் பேச்சு: தறிக்குப் போதிய நூல் கிடைக்கவில்லை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல கைகள் நூற்க வேண்டியிருந்தது. இன்னொரு குறையும் உண்டு. இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூலுக்குப் பாவு போடும் வலிமை இல்லை. ஆகவே பாவுக்கு லினன் நூலையும் ஊடைக்குப் பருத்தி நூலையும் வைத்து நெய்தார்கள். அப்போது நம் நாட்டு நெசவாளர்கள் முழுப் பருத்தியில் நெய்த துணிகள், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேறி ஐரோப்பா முழுவதும் விலைபோயின. நம்மவர் விரல்களில் இருந்த திறமையை இரும்பிலும் மரத்திலும் கொண்டுவர முடியுமா என்பதே அந்நாட்டாரின் பெருங்கேள்வியாக இருந்தது எனலாம்.

உருளைகளின் ஓட்டம்

1767இல் ஆர்க்ரைட், ஜான் கே என்ற கடிகாரத் தொழிலாளியைச் சந்தித்தார். இருவரும் பிரெஸ்டனில் ஒரு வீட்டில் தங்கி, 1768இல் ஒரு நூற்கும் எந்திரத்தை உருவாக்கினர். 1769இல் ஆர்க்ரைட் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அந்த எந்திரத்தின் தத்துவம் எளியது. பஞ்சுத் திரி, இணை இணையாக அமைந்த சில உருளைகளுக்கிடையே செல்கிறது. பின்னால் உள்ள இணை மெதுவாகச் சுழல்கிறது. முன்னால் உள்ள இணை அதைவிட வேகமாகச் சுழல்கிறது. இந்த வேக வேறுபாட்டால் திரி இழுபட்டு மெலிகிறது. மெலிந்த திரியைக் கதிர் முறுக்கி நூலாக்குகிறது. இப்பகுதியை நான் வீட்டில் தமிழில் சொல்லிக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தந்தையார் நிமிர்ந்து பார்த்தார். பின் ரோலர், முன் ரோலர், இரண்டுக்கும் உள்ள வேக விகிதம், அந்த விகிதம் மாறினால் நூலின் நம்பர் எப்படி மாறும் என்பதையெல்லாம், கையை உருளைபோல் சுழற்றி எனக்கு விளக்கினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நான் அகராதி பார்த்துப் புரிந்துகொண்டதை அவர் 18 ஆண்டுகள் கையால் செய்திருக்கிறார். ஆர்க்ரைட் காலத்து உருளைத் தத்துவம்தான் எங்கள் ஊர் ரிங் பிரேமிலும் ஓடியது என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

உருளையால் நூற்கும் எண்ணம் ஆர்க்ரைட்டுக்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லூயிஸ் பால் என்பவர் 1738இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவரால் அதைத் தொழிலாக நிலைநிறுத்த முடியவில்லை. முடியாததை முடித்துக் காட்டியதே ஆர்க்ரைட்டின் சாதனை.

குரோம்ஃபோர்டு

முதலில் நாட்டிங்காம் நகரில் குதிரைகளைக் கொண்டு எந்திரங்களை ஓட்டினார். குதிரைக்குச் செலவு அதிகம். ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் என்ற இரு காலுறை வணிகர்கள் பங்காளிகளாகச் சேர்ந்தனர். 1771இல் டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள குரோம்ஃபோர்டு என்னும் சிற்றூரில் நீரால் ஓடும் நூற்பாலையைக் கட்டத் தொடங்கினர். எந்திரத்துக்கும் நீர்ச்சட்டம் என்ற பொருளுடைய பெயர் நிலைத்தது.

அவ்வூரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அருகில் இருந்த காரீயச் சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்ற வெட்டிய கால்வாய் ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. நிலத்தடியிலிருந்து வரும் அந்நீர் வெதுவெதுப்பானது. கடுங்குளிரிலும் உறையாது. ஆகவே சக்கரம் ஆண்டு முழுவதும் சுழன்றது.

வேலைக்கு ஆட்கள் அவ்வூரில் போதவில்லை. பெரிய குடும்பமுடைய நெசவாளர்களைக் குடிவரும்படி அழைத்தார். ஆண்கள் வீட்டில் நெய்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்குச் சென்றார்கள். 1776இல் அவர் கட்டிய தொழிலாளர் வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. மேல்மாடியில் தறி போடுவதற்காக நீண்ட சாளரங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆலை இரவும் பகலும் ஓடியது. ஜோசப் ரைட் என்ற புகழ்பெற்ற ஓவியர் அந்த ஆலையை இரவு நேரத்தில் வரைந்திருக்கிறார். நிலா வெளிச்சத்தில் மலைகள் உறங்குகின்றன. ஆலையின் சாளரங்களில் மட்டும் வரிசையாக விளக்குகள் எரிகின்றன. அவ்விளக்கொளியில் விழித்திருந்தவர்களில் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளும் உண்டு என்பதை எண்ணும்போது அந்த ஓவியத்தின் அழகு நமக்குக் கசக்கிறது.

வெற்றியும் வீழ்ச்சியும்

1774இல் ஆர்க்ரைட்டும் பங்காளிகளும் முயன்று, இங்கிலாந்தில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு இருந்த சட்டத் தடையை நாடாளுமன்றத்தின் மூலம் நீக்கச் செய்தனர். 1775இல் பஞ்சு சிக்கெடுப்பது முதலான வேலைகளுக்குரிய எந்திரங்களுக்கு இரண்டாம் காப்புரிமை பெற்றார். 1776இல் குரோம்ஃபோர்டில் இரண்டாம் ஆலை எழுந்தது. 1783இல் அருகிலேயே மேசன் ஆலை எழுந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. கையால் நூற்றுப் பிழைத்தவர்கள் பிழைப்பு இழந்தனர். 1779இல் பர்கேக்கரில் இருந்த அவரது ஆலையை மக்கள் கூட்டம் தீயிட்டு அழித்தது. குரோம்ஃபோர்டு ஆலையைக் காக்கப் பீரங்கியே கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற ஆலைக்காரர்கள் அவரது காப்புரிமையை எதிர்த்து வழக்காடினர். உருளை எந்திரத்தின் கருத்து தாமஸ் ஹைஸ் என்பவருடையது என்று அவரது பழைய தோழர் ஜான் கேயே சாட்சி சொன்னார். 1785இல் காப்புரிமை முழுவதும் நீக்கப்பட்டது.

ஆயினும் அவரது செல்வம் குறையவில்லை. 1786இல் மன்னரிடம் சர் பட்டம் பெற்றார். 1787இல் டார்பிஷயரின் ஷெரிப் பதவி வகித்தார். பள்ளி செல்லாத அவர், ஐம்பது வயதுக்கு மேல், ஓய்வில்லாத நாளிலும் இலக்கணத்துக்கு ஒரு மணி நேரமும் எழுத்துப் பயிற்சிக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கிப் படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவன் நான். ஆகவே அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவரை நான் மனமார வணங்குகிறேன். அதே வேளையில், அவரது ஆலையில் இரவெல்லாம் நின்ற பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்திருக்குமா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

வில்லர்ஸ்லி என்ற பெரிய மாளிகையைத் தமக்காகக் கட்டினார். குடிபோகும் முன்பே 1791இல் அது தீப்பிடித்தது. 1792 ஆகஸ்டு 3ஆம் நாள் குரோம்ஃபோர்டில் காலமானார். முடிதிருத்தும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 5 லட்சம் பவுன்.

ஆலை மண்ணின் கதை

பெரும்பாலான வரலாறுகள் மரணத்தோடு முடிந்துவிடும். என்னை ஈர்த்தது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுரங்கக் கால்வாய் நீர் குறைந்தது. குரோம்ஃபோர்டின் பழைய ஆலைகளில் நூற்பு நின்றுபோயிற்று. 1890இல் இரண்டாம் ஆலை எரிந்து அழிந்தது. எஞ்சிய கட்டடங்களில் பற்பல தொழில்கள் நடந்தன. 1920களிலிருந்து 1979 வரை அங்கே வண்ணப் பொடிகள் செய்யும் தொழிற்சாலை இயங்கியது. அதனால் கட்டடங்களிலும் மண்ணிலும் காரீய குரோமேட் படிந்துவிட்டது. நம் ஆய்வகத்தில் காரீய உப்பை உறுதிசெய்யப் பொட்டாசியம் குரோமேட் கரைசலை ஊற்றுகிறோம் அல்லவா? அப்போது சோதனைக் குழாயில் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு இறங்குமே, அதே பொருள்தான். கண்ணுக்கு அழகு, உடலுக்கு நஞ்சு. காரீயச் சுரங்க நீரால் பிறந்த ஆலை, காரீய நஞ்சால் முடங்கிக் கிடந்தது.

1979இல் ஆர்க்ரைட் சங்கம் என்ற அமைப்பு அவ்விடத்தை வாங்கியது. நஞ்சை அகற்றவே நீண்ட காலம் பிடித்தது. பிற்காலத்துக் கொட்டகைகளை அகற்றி, மண்ணைப் பொறுமையாகத் தோண்டினார்கள். எரிந்துபோன இரண்டாம் ஆலையின் அடித்தளம் வெளிப்பட்டது. இன்று அங்கே செல்வோர் அதைக் கண்ணால் காணலாம். 2001இல் டெர்வென்ட் பள்ளத்தாக்கின் ஆலைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

மான்செஸ்டர் நகரில் நடந்தது வேறு. அங்கே ஷூட்ஹில் பகுதியில் 1780களின் தொடக்கத்தில் ஆர்க்ரைட்டும் பங்காளிகளும் ஓர் ஆலை கட்டினர். சக்கரத்தைச் சுழற்றப் போதிய ஆற்று நீர் அங்கே இல்லை. ஆகவே நீராவி எந்திரத்தால் நீரை மேலேற்றி, அந்நீரால் சக்கரத்தைச் சுழற்றினார்கள். 1854இல் அந்த ஆலை எரிந்தது, மீண்டும் கட்டினார்கள். 1940இல் ஜெர்மானியர் குண்டுவீச்சில் அது தரைமட்டமாயிற்று. பின்னர் கார் நிறுத்துமிடமாகக் கிடந்த அந்நிலத்தை 2005இல் தொல்லியலாளர்கள் தோண்டிப் பழைய ஆலையின் அடித்தளங்களைக் கண்டனர். அருகிலுள்ள ஏஞ்சல் மெடோ பகுதியில், புதிய கட்டடங்கள் எழுவதற்கு முன், தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வீடுகளின் நிலவறைகளும் தோண்டி ஆராயப்பட்டன.

கட்டுவதற்கு முன் ஒரு கண்

அந்நாட்டில் இதற்கொரு முறை உண்டு. 1990இல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட கட்டட அனுமதி நெறிமுறைப்படி, பழமையான நிலத்தில் புதிதாகக் கட்டுகிறவர்தான் அங்குள்ள தொல்பொருளை ஆராயும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. முதலில் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் பார்க்கிறார்கள். பிறகு சில இடங்களில் மட்டும் பள்ளம் தோண்டிப் பார்க்கிறார்கள். முக்கியமானவை கிடைத்தால் முழு அகழாய்வு நடக்கும். அவ்வளவு தேவையில்லாத இடங்களில், மண் வாரும் எந்திரம் வேலை செய்யும்போது ஒரு தொல்லியலாளர் பக்கத்தில் நின்று கவனிக்கிறார். சுவரோ தரையோ தென்பட்டால் எந்திரத்தை நிறுத்தச் சொல்லி, துடைத்து, அளந்து, வரைந்து, படமெடுத்துக்கொள்கிறார். அதன்பின் வேலை தொடரும்.

எல்லாவற்றையும் பாதுகாக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். பல இடங்களில் தோண்டியதை அளந்து எழுதிக்கொண்டு, அதன்மேல் கட்டடம் எழுப்ப விட்டுவிடுகிறார்கள். கட்டடம் போகலாம், குறிப்பு போகக்கூடாது என்பதே இதன் உட்கருத்து.

ஆர்க்ரைட்டுக்கு ஓவியம் இருக்கிறது. காப்புரிமை ஆவணம் இருக்கிறது. வழக்குப் பதிவுகள் இருக்கின்றன. அவர் ஆலையே அழிந்திருந்தாலும் அவர் பெயர் அழிந்திராது. அவரிடம் வேலை செய்த பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் நடந்து தேய்த்த படிக்கட்டும், எந்திரம் நின்ற தரையும், குடியிருந்த நிலவறையும்தான் அவர்கள் எழுதிவைத்த வரலாறு. அந்த மண்ணைப் படிக்காமல் வாரி எறிந்தால், பெரியவரின் வரலாறு மட்டும் மிஞ்சும். அதுவும் அரை வரலாறாகவே மிஞ்சும்.

நம்மால் இயன்றது

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888இல் எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. அவற்றுள் பல இன்று இல்லை. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் மண்ணுக்குள் கிடைத்த பானை ஓட்டையும் போற்றும் நாம், நம் தாத்தா பாட்டி உழைத்த மண்ணையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம் அல்லவா?

எங்கள் ஊர் ஆலையின் தரை போய்விட்டது. அதை இனித் தோண்ட முடியாது. ஆனால் அந்தத் தரை என் தந்தையாரின் நினைவில் இன்னும் அப்படியே இருக்கிறது. தை மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பெரிய வரைபடத் தாளை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காருகிறோம். ப்ளோ ரூம் எங்கே, கார்டிங் எங்கே, எத்தனை பிரேம்கள், வாசல் எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று அவர் சொல்லச் சொல்ல நான் வரைகிறேன். சில சமயம் பாட்டி குறுக்கிட்டு, ரீலிங் பகுதியின் வாசல் நான் வரைந்த பக்கத்தில் இல்லை என்று திருத்துவார். அழித்துவிட்டு மறுபடி வரைவேன். தொட்டில் அறையை மட்டும் பாட்டி தம் கையாலேயே குறித்தார். கையெழுத்துப் போடத் தெரியாத அவர் பென்சிலைப் பிடித்தது அதுதான் முதல் முறை.

நம் கல்லூரியில் பயில்வோரில் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். ஓட்டுச்சூளை, அரிசி ஆலை, தீப்பெட்டித் தொழிற்சாலை, தோல் பதனிடும் கூடம் என்று ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் ஓர் இடம் இருக்கும். அது இன்னும் நின்றுகொண்டிருந்தால், இடிக்கும் முன் ஒருநாள் அளவு நாடாவோடு போய் வாருங்கள். போய்விட்டதென்றால், அங்கே உழைத்தவர் பக்கத்தில் ஒரு தாளோடு உட்காருங்கள். வரலாற்றுத் துறை ஆசிரியப் பெருமக்கள் துணை நின்றால், அத்தாள்களையெல்லாம் நம் நூலகத்தில் ஓர் அலமாரியில் சேர்த்து வைக்கலாம். எங்கள் தாள் முடிந்ததும் முதலில் அதைக் கொண்டுவந்து தருகிறேன்.